பின்வந்த புதினத்தைப் படித்தல்: ‘வைட் சர்காசோ சீ’ – வாசகரின் முன்னறிவும் மொழிபெயர்ப்பாளரின் கடமையும்

0. முன்னுரை

காத்திக் புதினம் மறைபொருளால் இயங்குவது. பூட்டிய அறை, நள்ளிரவில் கேட்கும் சிரிப்பு, பழைய மாளிகை, குடும்பத்தின் பழம்பாவம் ஆகியவற்றைக் கொண்டு வாசகரிடமிருந்து ஒன்றை மறைத்து வைத்து, உரிய இடத்தில் அதனை வெளிப்படுத்துவது அதன் பொதுவான அமைப்பு. ஹொரேஸ் வால்போல் 1764இல் வெளியிட்ட ‘தி காசில் ஆஃப் ஒட்ரான்ட்டோ’ இவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படுகின்றது. 1765இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு ‘காத்திக் கதை’ என்னும் துணைத்தலைப்பைத் தாங்கியிருந்தது.

பலரும் விரும்பிப் படித்த முன்னைய நூலொன்றைத் தொடர்ந்து ஒரு காத்திக் புதினம் எழுதப்படும்பொழுது இவ்வமைப்பு சிக்கலுக்கு உள்ளாகின்றது. பூட்டிய அறைக்குள் இருப்பவர் யார், முடிவில் எரியப்போவது எது என்பவற்றை வாசகர் முதற் பக்கத்திற்கு முன்பே அறிவர். மறைக்கப்படுவதற்கு எதுவும் எஞ்சாத இடத்தில் அச்சம் எங்கிருந்து பிறக்கின்றது? முன்னறிவுடைய வாசகர் பின்வந்த நூலை எவ்வாறு படிக்க வேண்டும்? அந்நூலை மொழிபெயர்ப்பவர் அம்முன்னறிவை எவ்வளவிற்குத் தம் வாசகருக்கு வழங்கலாம்? இவ்வினாக்களைச் சார்லட் பிரான்ட்டேயின் ‘ஜேன் அயர்’ (1847), ஜீன் ரீஸின் ‘வைட் சர்காசோ சீ’ (1966) ஆகிய இரு ஆங்கிலப் புதினங்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னைய நூல் உறுதியாகக் கூறியதைப் பின்வந்த நூல் கேள்விச் செய்தியாக மாற்றுகின்றது என்பதும், மொழிபெயர்ப்பாளர் முன்னைய நூலின் உறுதியைப் பின்னைய நூலுக்குள் கொண்டு வருவாராயின் அந்நூலின் அடிப்படையே சிதையும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. முன்நூலும் பின்நூலும்

1.1. கலைச்சொல்

ஒரு நூல் மற்றொரு நூலின்மீது எழுதப்படும் உறவைப் பிரெஞ்சு அறிஞர் ஜெரார் ஜெனெத் 1982இல் வெளியிட்ட ‘பாலிம்செஸ்ட்’ என்னும் நூலில் விரிவாக வகைப்படுத்தினார். அடியில் அமையும் பனுவலை முன்நூல் என்றும் அதன்மேல் எழும் பனுவலைப் பின்நூல் என்றும் இங்குக் குறிப்பிடலாம். தமிழ் மரபில் முதனூல், வழிநூல் என்னும் சொற்கள் உள்ளனவாயினும், வழிநூல் முன்னோர் முடிபுகளை ஏற்றுக்கொண்டு சில வேறுபாடுகளை மட்டும் கூறுவது என்பது அம்மரபு தரும் வரையறை. ரீஸின் புதினம் முன்நூலின் முடிபுகளை ஏற்பதில்லை. அவற்றைக் கேள்விக்கு உட்படுத்துகின்றது. ஆதலின் அச்சொற்கள் இங்குப் பொருந்துவதில்லை. அகலிகை கதையை அறிந்த வாசகரை முன்னிறுத்திப் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாபவிமோசனம்’ இவ்வகை உறவிற்குத் தமிழில் எளிதில் நினைவிற்கு வரும் எடுத்துக்காட்டாகும்.

1.2. முன்நூல்

‘ஜேன் அயர்’ 1847 அக்டோபரில் கரர் பெல் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. தாய்தந்தையற்ற ஜேன் ஆசிரியையாகத் தார்ன்ஃபீல்டு மாளிகைக்கு வருகின்றாள். அதன் தலைவர் ராச்செஸ்டருக்கும் அவளுக்கும் காதல் மலர்கின்றது. மூன்றாம் மாடியிலிருந்து கேட்கும் சிரிப்பு கிரேஸ் பூல் என்னும் பணிப்பெண்ணுடையது என்று அவளிடம் கூறப்படுகின்றது. 26ஆம் இயலில், திருமணச் சடங்கின் நடுவே, ராச்செஸ்டருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு என்பதும், ஜமைக்காவிலுள்ள ஸ்பானிஷ் டவுனில் அவர் மணந்த பெர்த்தா அன்ட்வானெட்டா மேசன் என்னும் அப்பெண் மனநோயாளியாக மேல்மாடியில் அடைக்கப்பட்டிருக்கின்றாள் என்பதும் வெளிப்படுகின்றன. பின்னர் அவள் மாளிகைக்குத் தீயிட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்த செய்தி 36ஆம் இயலில் விடுதிக்காரர் ஒருவர் வாய்மொழியாகவே ஜேனுக்கும் வாசகருக்கும் தெரியவருகின்றது.

1.3. பின்நூல்

ஜீன் ரீஸ் 1890இல் கரீபியன் கடலிலுள்ள டொமினிக்கா தீவின் ரோசோ நகரில் பிறந்தவர். தந்தை வேல்ஸ் நாட்டு மருத்துவர். தாய் அத்தீவிலேயே பிறந்த வெள்ளையர் மரபினர். 1907இல் இங்கிலாந்திற்குச் சென்ற ரீஸ் 1939இல் ‘குட் மார்னிங், மிட்நைட்’ என்னும் புதினத்தை வெளியிட்ட பின்னர் நெடுங்காலம் இலக்கிய உலகின் பார்வையில் படாதிருந்தார். 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ வெளிவந்தபொழுது அவருக்கு அகவை எழுபத்தைந்தைக் கடந்திருந்தது. பிரான்ட்டேயின் நூலில் வரும் கரீபியன் பெண் கதைக்கு இன்றியமையாதவளாக இருந்தும் உயிருள்ள மாந்தராகப் படைக்கப்படவில்லை என்னும் மனக்குறையை ரீஸ் தம் கடிதங்களில் வெளியிட்டுள்ளார்.

நூல் மூன்று பகுதிகளை உடையது. முதற் பகுதியில் அன்ட்வானெட் காஸ்வே என்னும் பெண் ஜமைக்காவிலுள்ள கூலிப்ரி தோட்டத்தில் கழிந்த தன் இளமைக் காலத்தைக் கூறுகின்றாள். இரண்டாம் பகுதியின் பெரும்பகுதியை அவளை மணந்த ஆங்கிலேயர் கூறுகின்றார். இடையே சிறிது அவளும் கூறுகின்றாள். மூன்றாம் பகுதி கிரேஸ் பூலின் சொற்களில் தொடங்கி, இங்கிலாந்தில் மாளிகையொன்றின் மேலறையில் அடைக்கப்பட்ட அன்ட்வானெட்டின் சொற்களில் முடிகின்றது. முன்நூல் முழுவதும் ஜேன் ஒருத்தியின் எடுத்துரைப்பாக இருக்க, பின்நூல் ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு மோதவிடுகின்றது.

1.4. பொருந்தாக் காலமும் உறவும்

இரு நூல்களையும் ஒரே கதையின் இரு பாகங்களாகக் கொள்ளுதல் பொருந்தாது என்பதற்கு நூல்களிலேயே சான்றுகள் உள்ளன. ‘ஜேன் அயர்’ 32ஆம் இயலில், அண்மையில் வெளிவந்த நூல் என்று வால்ட்டர் ஸ்காட்டின் ‘மார்மியன்’ குறிப்பிடப்படுகின்றது. அக்காவியம் வெளிவந்த ஆண்டு 1808. ராச்செஸ்டரின் முதல் திருமணம் அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முற்பட்டது எனின், அது 1790களில் நிகழ்ந்திருக்க வேண்டும். ரீஸின் கதையோ, பிரித்தானியக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்க 1833இல் இயற்றப்பட்ட சட்டத்திற்குப் பிற்பட்ட காலத்தில் நிகழ்கின்றது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்கும் செல்வமிழந்த தோட்ட முதலாளிகளுக்கும் இடையிலான பகையே அன்ட்வானெட்டின் வீடு எரிவதற்குக் காரணமாகின்றது. காலத்தை நாற்பதாண்டுகள் நகர்த்தாவிடில் இக்கதை நிகழ இடமில்லை.

உறவு முறையிலும் மாற்றம் உண்டு. முன்நூலில் பெர்த்தா, ஜோனஸ் மேசனின் மகள். பின்நூலில் அன்ட்வானெட் காஸ்வே என்பவரின் மகள். மேசன் அவள் தாயை மறுமணம் செய்துகொண்டவர். ஆதலின் முன்நூலில் உடன்பிறந்தவராக வரும் ரிச்சர்டு மேசன் பின்நூலில் மாற்றாந்தந்தையின் மகனாகின்றார். இவை கவனக்குறைவால் நேர்ந்த பிழைகள் அல்ல. பின்நூல் தனக்குரிய உலகத்தைத் தானே அமைத்துக்கொள்கின்றது என்பதற்கான அடையாளங்கள். முன்நூலைக் கொண்டு இவற்றைத் ‘திருத்தும்’ அடிக்குறிப்புகள் மொழிபெயர்ப்பில் வேண்டப்படுவன அல்ல.

2. முன்நூலில் திணை: ஐயமும் இழிப்பும்

2.1. மேலறைப் பெண்ணை முதன்முதலாக நேரில் காணும் காட்சி (இயல் 26) மொழியியல் நோக்கில் கூர்ந்து ஆராயத்தக்கது. அறையின் மறுகோடியில் ஓர் உருவம் முன்னும் பின்னும் ஓடுகின்றது. அது விலங்கா மனிதப் பிறவியா என்று உடனே கூற இயலவில்லை என்கின்றாள் ஜேன். இதனைத் தொடர்ந்து அவ்வுருவம் அஃறிணைப் பெயராலேயே சுட்டப்படுகின்றது.

தமிழ் இலக்கண மரபிற்கு இந்நிலை புதியதன்று. ஒரு பொருள் உயர்திணையோ அஃறிணையோ என்று ஐயம் நிகழும்பொழுது அதனை ‘உருவு’ என்று பொதுச்சொல்லால் கூறலாம் எனத் தொல்காப்பியக் கிளவியாக்கம் விதிக்கின்றது. அங்கே தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ என்னும் ஐயத்தை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டாகத் தருவர். பிரான்ட்டேயின் முதல் வாக்கியம் இத்திணையையத்திற்கு நேரான ஆங்கில வடிவம் எனலாம். எனவே ‘உருவம்… அது’ என்று தமிழில் எழுதுவது முற்றிலும் இலக்கணமுடையது. அதில் வாசகர் திடுக்கிடுவதற்கு எதுவும் இல்லை.

2.2. சிக்கல் அடுத்த நிலையில் எழுகின்றது. அவ்வுருவம் ஆடை அணிந்திருக்கின்றது என்பதை ஜேன் காண்கின்றாள். ஆடை அணிந்தது மனிதப் பிறவி என்பதில் இனி ஐயமில்லை. ஆயினும் அஃறிணை நீங்குவதில்லை. ஆடையணிந்த கழுதைப்புலி என்னும் உருவகமும், பின்னங்கால்களில் எழுந்து நிற்றல் என்னும் விலங்கிற்குரிய வருணனையும் தொடர்கின்றன. உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு ஆகியன காரணமாகத் திணையும் பாலும் மயங்கி வரலாம் என்பது நன்னூல் கூறும் வழுவமைதி. ஐயம் தீர்ந்த பின்னரும் தொடரும் அஃறிணை, ஐயத்தால் வந்ததன்று, இழிப்பால் வந்தது. ஆங்கிலத்தில் ஒரே பிரதிப்பெயர் இவ்விரு பணிகளையும் ஆற்றுவதால் இம்மாற்றம் கண்ணுக்குப் படாமல் நிகழ்ந்துவிடுகின்றது. தமிழில் ‘உருவம்’ என்னும் எழுவாயைக் காட்சி முழுவதற்கும் நீட்டித்தால் இழிப்பு முழுவதும் ஐயத்தின் போர்வைக்குள் மறைந்துவிடும். ஐயம் தீரும் இடத்தில் அச்சொல்லை நிறுத்திவிட்டு, அதன் பின்னரும் ‘அது’ என்பதைத் தனியே நிற்கவிடுவதே மூலத்திற்கு நெருங்கிய முறையாகும்.

2.3. இக்காட்சியில் அவளை முதலில் ‘அவள்’ என்பவர் கிரேஸ் பூல். அவர் எச்சரித்த பின்னரே ஜேனின் எடுத்துரைப்பும் பெண்பாலுக்கு மாறுகின்றது. அதற்கும் முன்னர், நலம் உசாவிய ராச்செஸ்டருக்குக் கிரேஸ் பூல் தன்மைப் பன்மையில் விடையளிக்கின்றார். நோயாளியையும் தம்மையும் ஒன்றாக்கிக் கூறும் செவிலியர் வழக்கு அது. தமிழில் இதற்கு ‘நாங்கள்’ என்பதே பொருந்தும். கேட்போரை உளப்படுத்தாத இப்பன்மை, கிரேஸ் பூலையும் பெர்த்தாவையும் ஒருபுறமும் ராச்செஸ்டரை மறுபுறமும் நிறுத்துகின்றது. ஆங்கிலத்தில் இல்லாத வேறுபாட்டைத் தமிழ் இங்குக் கட்டாயமாக வெளிப்படுத்துகின்றது. அது மூலத்தின் போக்கோடு இசைந்தும் நிற்கின்றது.

2.4. மற்றொன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. முன்நூலில் பெர்த்தாவிற்கு நேர்கூற்று இல்லை. அவள் கூறியதாக வாசகர் அறிவது, 20ஆம் இயலில் காயமுற்ற ரிச்சர்டு மேசன் அயற்கூற்றாகத் தெரிவிக்கும் அச்சுறுத்தல். அவளது சிரிப்பும் நெடுங்காலம் மற்றொருத்தியின் பெயரிலேயே வழங்குகின்றது. பின்நூல் பிறப்பதற்கான இடம் இவ்வெற்றிடமே.

3. பின்நூலில் பெயரும் பெயரின்மையும்

3.1. ‘வைட் சர்காசோ சீ’ நூலின் எவ்விடத்தும் ராச்செஸ்டர் என்னும் பெயர் வருவதில்லை. கணவர் தம் எடுத்துரைப்பில் ‘நான்’ என வருகின்றார். பிறர் கூற்றில் ‘அவர்’ என வருகின்றார். முன்நூலில் முழுப்பெயருடன் வரும் திருமதி ஃபேர்ஃபாக்ஸ், கிரேஸ் பூலின் வாயில் முதலெழுத்தின் ஒலியாக மட்டும் சுருங்குகின்றார். இரு நூல்களுக்கும் உள்ள உறவைப் பின்நூலின் பனுவல் வெளிப்படையாக அறிவிப்பதில்லை. 1966ஆம் ஆண்டுப் பதிப்பில் ஃபிரான்சிஸ் விண்டம் எழுதிய முன்னுரையே அதனை அறிவித்தது. அதாவது, உறவு பனுவலில் இல்லை. பனுவலைச் சூழ்ந்த துணைப் பனுவலில் உள்ளது.

3.2. பெயரில்லாதவர் பிறருக்குப் பெயரிடுகின்றார் என்பது இந்நூலின் முரண். கணவர் தம் மனைவியைப் பெர்த்தா என்று அழைக்கத் தொடங்குகின்றார். அது தன் பெயரன்று என அவள் மறுக்கின்றாள். வேறொருத்தியாகத் தன்னை மாற்றும் முயற்சி அது என்பதும், தன் ஊரின் மந்திர வழக்கிற்கு அது நிகரானது என்பதும் அவளுக்குத் தெரிகின்றன. பின்னர் அவளது பெயரையே ‘மரியனெட்’ என்னும் பொம்மையாட்டச் சொல்லோடு இயைபுபடுத்தி அவர் மனத்திற்குள் உருட்டுகின்றார். தமிழில் ‘பாவை’ என்று மொழிபெயர்த்தால் பொருள் கிடைக்கும். ‘அன்ட்வானெட்–மரியனெட்’ என்னும் ஒலியியைபு கிடைக்காது. ஒலியாலேயே ஒரு பெயர் பொம்மையாகின்றது என்பதே இங்குக் கருத்தாதலின், ஒலிபெயர்ப்பை விடாமல், சூழலில் ‘பாவை’ என்னும் சொல் ஒருமுறை இயல்பாக வருமாறு அமைத்தல் தக்கது.

3.3. முன்நூலை அறிந்தவருக்குப் ‘பெர்த்தா’ என்பது இயற்பெயர். பின்நூலில் அது இடப்பட்ட பெயர். முன்னறிவு வாசகருக்கு இங்கு உதவுவதற்கு மாறாக அவரையும் பொறுப்பாளியாக்குகின்றது. அன்ட்வானெட்டைப் ‘பெர்த்தா’ என்று நினைத்துக்கொண்டே நூலைத் திறந்த வாசகர், கணவருக்கு முன்பே அப்பெயரை அவளுக்கு இட்டுவிட்டவர் ஆகின்றார். காத்திக் புதினத்திற்குரிய அச்சம் இங்கு மறைபொருளிலிருந்து பிறப்பதில்லை. வாசகர் தாமே அறிந்ததிலிருந்து பிறக்கின்றது.

4. கேள்விச் செய்தி

4.1. பின்நூல் ‘சொல்கிறார்கள்’ என்னும் பொருளுடைய கூற்றுவினையோடு தொடங்குகின்றது. துன்ப காலத்தில் தம்முள் ஒன்றுசேர வேண்டும் என்பது பழமொழி. வெள்ளையர் அவ்வாறே ஒன்றுசேர்ந்தனர். ஆனால் தன் குடும்பம் அவர்களுள் ஒன்றாக எண்ணப்படவில்லை என்று சிறுமி கூறுகின்றாள். முதற் சொற்களிலேயே ஊர்ப்பேச்சும் அதற்கு வெளியே நிற்பவரும் பிரிந்துவிடுகின்றனர்.

தமிழில் இதனை மூன்று வகையாகக் கூறலாம். ‘என்பர்’ எனில் சான்றோர் வாக்கின் உறுதி கிடைக்கும். ‘என்று சொல்வார்கள்’ எனில் பொதுவழக்கின் சார்பற்ற தன்மை கிடைக்கும். ‘ஆம்’ என்னும் இடைச்சொல்லைச் சேர்த்துச் ‘சேர்ந்துகொள்ள வேண்டுமாம்’ எனில், சொல்பவர் அச்செய்திக்குத் தாம் பொறுப்பேற்கவில்லை என்பதும் சிறிது கசப்பும் தோன்றும். தொடக்கத்திலேயே ‘ஆம்’ வருவது சிறுமியின் விலக்கத்தை முன்கூட்டிக் காட்டிவிடும். முதலில் ‘சொல்வார்கள்’ என நிறுத்தி, விலக்கம் அடுத்த கூற்றில் தானே தோன்றுமாறு விடுதல் மூலத்தின் ஒழுங்கைக் காக்கும்.

4.2. இரண்டாம் பகுதியில் கேள்விச் செய்தியே கதையை நகர்த்துகின்றது. அன்ட்வானெட்டின் தந்தைக்குப் பிறந்தவன் எனத் தன்னைக் கூறிக்கொள்ளும் டேனியல் காஸ்வே, கணவருக்குக் கடிதம் எழுதுகின்றான். அவள் தாய் பித்துப் பிடித்தவள், அக்குடும்பத்தில் அந்நோய் வழிவழி வருவது என்பவை அக்கடிதத்தின் செய்திகள். இவற்றை உறுதிசெய்யும் நடுநிலைச் சான்று எதுவும் நூலில் தரப்படுவதில்லை. இதே செய்தியை முன்நூலில் ராச்செஸ்டர் 27ஆம் இயலில் நிலைநாட்டப்பட்ட உண்மையாகக் கூறுகின்றார். ஜேனும் வாசகரும் அதனை ஏற்கின்றனர். பின்நூலைப் படித்தவர் முன்நூலின் அவ்வியலுக்குத் திரும்பும்பொழுது, அங்கு ஒவ்வொரு வினைமுற்றின் இறுதியிலும் எழுதப்படாத ‘ஆம்’ ஒன்று ஒலிப்பதை உணர்வர்.

ஆங்கிலத்தில் கேள்விச் செய்தியைக் காட்டும் இடைச்சொல் இல்லை. கூற்றுவினையும் சூழலுமே அதனைக் காட்ட வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் ‘ஆம்’ கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. ஆயினும் அது இருபுறமும் கூரிய கருவி. டேனியலின் கடிதத்தில் ‘பித்துப் பிடித்தவளாம்’ என எழுதினால் அவன் தன் செய்தியைத் தானே ஐயுறுவதாகிவிடும். அவனோ உறுதியோடு எழுதுபவன். தான் கிறித்தவன், உண்மையே பேசுபவன் என்று சாதிப்பவன். அவன் கடிதத்தில் ‘ஆம்’ கூடாது. கணவர் அச்செய்தியைத் தம் மனத்தில் மீட்டும் இடங்களில் முதலில் ‘ஆம்’ வந்து, பின்னர் அது உதிர்ந்துபோவதாக அமைத்தால், கேள்விச் செய்தி உறுதியாக இறுகும் நிகழ்வைத் தமிழ் தன் இலக்கணத்தாலேயே காட்ட இயலும்.

4.3. மூன்றாம் பகுதியும் பணியாளரிடையே பரவும் பேச்சோடு தொடங்குகின்றது. தலைவர் ஜமைக்காவிலிருந்து அழைத்துவந்த பெண்ணைப் பற்றி மறைமுகமாகப் பேசிக்கொள்கின்றனர். அத்தகைய பேச்சு கூடாது என்று கிரேஸ் பூலுக்கு அறிவுறுத்தப்படுகின்றது. முன்நூலின் ஜேன், இப்பேச்சு அடக்கப்பட்ட வீட்டிற்குள்ளேயே பின்னர் வந்து சேர்கின்றாள்.

5. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள் சில

5.1. முன்னிலைப் பெயர்

ஆங்கில முன்னிலைப் பெயர் மரியாதை வேறுபாடு காட்டாது. தமிழில் ஒவ்வோர் உரையாடலிலும் நீ, நீங்கள் என்னும் தேர்வு நிகழ்ந்தாக வேண்டும். கணவன் மனைவியை ‘நீ’ எனவும் மனைவி கணவனை ‘நீங்கள்’ எனவும் விளிப்பது தமிழ்க் குடும்ப வழக்கிற்கு இயல்பாகலாம். ஆனால் கிறிஸ்தோபின் கணவரை எதிர்கொண்டு பேசும் காட்சியில் இத்தேர்வு கடினமாகின்றது. கிறிஸ்தோபின் மார்த்தினிக் தீவிலிருந்து அன்ட்வானெட்டின் தாய்க்குத் திருமணப் பரிசாக அளிக்கப்பட்டவள், அன்ட்வானெட்டை வளர்த்தவள், இப்பொழுது அடிமையல்லள். வெள்ளைத் தலைவர் முன் அவள் தன் வளர்ப்பு மகளுக்காக வழக்குரைக்கின்றாள். ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு அவளை ஓரிடத்தில் மாற்றினால், மூலத்தில் இல்லாத வெடிப்பு ஒன்று உண்டாகும். மூலத்தில் வலிமை வேறு வழியில் வருகின்றது: அவள் சொற்கள் கணவரின் மனத்தில் எதிரொலியாக மீண்டும் மீண்டும் எழுகின்றன. ஆதலின் காட்சி முழுவதும் ‘நீங்கள்’ என்பதையே காத்து, அவளது குற்றச்சாட்டை வினைகளின் நேர்மையால் உணர்த்துவது சிறந்தது. மரியாதை குன்றாத பேச்சில் வரும் குற்றச்சாட்டு வலிமை குறைந்ததன்று.

5.2. கிறிஸ்தோபினின் பேச்சு

கிறிஸ்தோபின் நல்ல ஆங்கிலமும் பிரெஞ்சும் தீவின் கிரியோல் பேச்சும் அறிந்தவள். ஆயினும் சுற்றியுள்ள மக்கள் பேசுமாறே பேசுவதில் கவனமாக இருப்பவள் என்று அன்ட்வானெட் குறிப்பிடுகின்றாள். எனவே அவள் நடை அறியாமையின் விளைவன்று, தேர்ந்துகொண்ட குறிமுறை. இதனைத் தமிழின் வட்டார வழக்கு ஒன்றால் பெயர்த்தால், அவ்வட்டாரமும் அதனோடு ஒட்டிய சாதி அடையாளமும் கரீபியன் தீவிற்குள் நுழைந்துவிடும்.

அமைப்பு நிலையில் ஈடுசெய்யவும் எளிய வழியில்லை. கரீபியன் ஆங்கில வழக்குகளில் இணைப்பு வினை விடுபடுதலும் வினை காலம் காட்டாது நிற்றலும் பரவலாகக் காணப்படும் கூறுகள். தமிழில் ‘அவள் நல்லவள்’ என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரில் இணைப்பு வினை வருவதே இல்லை. மூலத்தில் வழக்கு மாறுபாட்டைக் காட்டும் கூறு, தமிழில் செந்நடைக்கும் பொதுவாகிவிடுகின்றது. எஞ்சியிருப்பன: குறுந்தொடர்களை இணைப்புச் சொல்லின்றி அடுக்குதல், கடந்த நிகழ்ச்சியை நிகழ்காலத்தில் கூறுதல், சொல்லைத் திரும்பக் கூறுதல். இவை மூன்றும் எந்தத் தமிழ் வட்டாரத்திற்கும் தனியுரிமை உடையன அல்ல. ஆனால் சூழ்ந்துள்ள எழுத்துத் தமிழிலிருந்து தெளிவாக வேறுபட்டு நிற்கும்.

5.3. சொற்கள்

கிரியோல் என்னும் சொல் மொழியியலாருக்குக் கலப்பினால் தோன்றித் தாய்மொழியான ஒரு மொழி வகையைக் குறிக்கும். இவ்விரு நூல்களில் அது குடியேற்றத் தீவில் பிறந்தவரைக் குறிக்கின்றது. ‘கலப்பினத்தவர்’ என்று பெயர்த்தல் பிழை. அன்ட்வானெட் வெள்ளையர் மரபினள், ஆங்கிலேயருக்கு அயலாள், கறுப்பின மக்களுக்கு ‘வெள்ளைக் கரப்பான்’. எவரோடும் சேராத இந்நிலையைக் ‘கலப்பு’ என்னும் சொல் தவறாக விளக்கிவிடும். ஒலிபெயர்த்து, முதல் வரவில் ‘தீவிலேயே பிறந்த’ என்னும் அடையைச் சேர்த்தல் போதுமானது.

ஓபியா என்பது ஆப்பிரிக்க மரபுகளிலிருந்து கரீபியன் தீவுகளில் வளர்ந்த மந்திர, மருத்துவ வழக்கு. ஜமைக்காவில் 1760இல் நிகழ்ந்த அடிமைகளின் எழுச்சியை அடுத்து அது சட்டத்தால் தடை செய்யப்பட்டது. ‘பில்லிசூனியம்’ என்னும் பெயர்ப்பு அதன் தீமைப் பொருளை மட்டும் தரும். சட்டமும் தோட்ட முதலாளிகளும் அதனை ஏன் அஞ்சினர் என்பதை மறைக்கும்.

தேனிலவுத் தீவில் மணமக்கள் கடந்து செல்லும் ஊரின் பெயர் மசாக்கர். டொமினிக்காவில் உண்மையிலேயே உள்ள ஊர் அது. 1674இல் அங்கு ஆங்கிலேயர் நடத்திய தொல்குடி மக்கள் படுகொலையோடு அப்பெயர் தொடர்புபடுத்தப்படுகின்றது. யார் கொல்லப்பட்டனர் என்று கணவர் வினவ, அடிமைகள் அல்லர், என்றோ நிகழ்ந்தது, இன்று எவருக்கும் நினைவில்லை என்னும் பொருளில் அன்ட்வானெட் விடையளிக்கின்றாள். பெயரின் பொருள் தெரியாவிடில் இவ்வினாவிற்கே இடமில்லை. ஊர்ப்பெயரை ஒலிபெயர்த்துக் கணவரின் வினாவில் ‘படுகொலை’ என்னும் சொல்லை அமைத்துவிட்டால் அடிக்குறிப்பின்றியே பொருள் விளங்கும்.

6. இறுதிப் பகுதியைப் படித்தல்

அன்ட்வானெட்டிற்கு ஒரே கனவு மூன்று முறை வருகின்றது. ஒவ்வொரு முறையும் சற்று நீள்கின்றது. மூன்றாவது முறை அது முற்றுப்பெறுகின்றது. அக்கனவில் அவள் மாளிகையில் நடக்கின்றாள், பொன்முலாம் பூசிய சட்டத்திற்குள் விரிகூந்தலுடன் ஒரு பெண்ணைக் காண்கின்றாள், அவளே அவ்வீட்டார் அஞ்சும் ஆவி என்று அறிகின்றாள், தீ பரவுகின்றது, கூரையிலிருந்து இளமைத் தோழி டியாவை அழைத்துக் குதிக்கின்றாள், விழித்துக்கொள்கின்றாள். பின்னர் மெழுகுவத்தியோடு அறையைவிட்டு வெளியேறுகின்றாள். நூல் அவ்வளவில் முடிகின்றது.

முன்நூலின் 25ஆம் இயலில் ஜேனும் ஒரு கண்ணாடியில் அம்முகத்தைக் கண்டாள்; மறுநாள் ராச்செஸ்டரிடம் அதனைக் கூறும்பொழுது பெண் என்று தொடங்கி அஃறிணைக்குச் சென்றாள். பின்நூலில் அன்ட்வானெட் சட்டத்திற்குள் காண்பதை ஆவி என்கின்றாள். ஆயினும் பெண்பாலால் சுட்டுகின்றாள். தமிழில் ‘ஆவி’ அஃறிணைப் பெயர். இலக்கண இயைபு கருதி ‘ஆவி… அது’ என எழுதும் பழக்கம் மொழிபெயர்ப்பாளரை எளிதில் இழுக்கும். அவ்விழுப்பிற்கு இடங்கொடுத்தால், நூற்றுப்பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பக் கிடைத்த உயர்திணை மீண்டும் பறிபோகும். ‘அவளை அப்பொழுதுதான் கண்டேன்’ என்று பிரதிப்பெயரை முன்வைத்து, ‘ஆவி’ என்பதைப் பின்னர்க் கூறுவது தமிழில் இயல்பாகவே அமையும்.

தீயும் மரணமும் பின்நூலில் கனவாக மட்டுமே உள்ளன, நிகழ்ச்சியாக இல்லை. அவற்றை நிகழ்ச்சியாக்குபவர் முன்நூலை அறிந்த வாசகரே. அவ்வறிவும் ஒரு விடுதிக்காரர் ஜேனிடம் கூறிய வாய்மொழிச் செய்தி என்பதை எண்ணிப்பார்க்கையில், இரு நூல்களுக்கும் பொதுவான ‘உண்மை’ எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பது புலனாகும்.

பின்நூல் தானும் முழுமையான விடையன்று என்பதையும் கூறவேண்டும். காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பிவாக் 1985இல் எழுதிய கட்டுரையில், வெள்ளைக் கிரியோல் பெண்ணுக்குக் குரல் தரும் இந்நூல் கிறிஸ்தோபினைக் கதை முடியுமுன்பே வெளியே அனுப்பிவிடுவதைச் சுட்டிக்காட்டினார். ஒருவருக்கு உரிய இடத்தை மீட்டுத் தரும் நூல் மற்றொருவரை விளிம்பில் நிறுத்தலாம். அடுத்த பின்நூலுக்கான வெற்றிடம் அங்கு உள்ளது.

7. முடிவுரை

முன்னறிவுடைய வாசகர் பின்நூலைப் படிக்கும்பொழுது முன்நூலை மறக்க வேண்டுவதில்லை, மறக்கவும் இயலாது. முன்நூலில் தாம் எதனை யார் சொல்லக் கேட்டோம் என்பதை நினைவில் வைத்தலே வேண்டப்படுவது.

மொழிபெயர்ப்பாளருக்கு இதிலிருந்து மூன்று நடைமுறைகள் பெறப்படுகின்றன. முதலாவது, பனுவலில் இல்லாத ராச்செஸ்டர் என்னும் பெயரை மொழிபெயர்ப்பின் உரைப்பகுதியிலோ அடிக்குறிப்பிலோ புகுத்தலாகாது. இரண்டாவது, முன்நூலின் கதைச் சுருக்கத்தைத் தருவது தமிழ் வாசகருக்குத் தேவையாயின் அதனைப் பின்னுரையில் அமைக்கலாம். முன்நூலை அறியாத வாசகர் அன்ட்வானெட்டை அவளது சொந்தப் பெயரிலேயே முதலில் சந்திக்கும் அரிய வாய்ப்பை முன்னுரை பறித்துவிடும். மூன்றாவது, திணை, முன்னிலைப் பெயர், ‘ஆம்’ ஆகிய தமிழ்க்கூறுகள் மூலத்தில் இல்லாத தேர்வுகளைக் கட்டாயமாக்குவதால், அத்தேர்வுகளை இரு நூல்களையும் ஒப்பிட்டு முன்கூட்டியே வரையறுத்துக்கொண்டு பணியைத் தொடங்குதல் நன்று.

ஒரு பெண்ணை ‘அது’ என்பதா ‘அவள்’ என்பதா என்னும் வினா, ஆங்கில வாசகர் கவனிக்காமல் கடந்துவிடக்கூடியது. தமிழில் அவ்வினாவிற்கு விடையளிக்காமல் ஒரு வினைமுற்றையும் முடிக்க இயலாது.